ஜொக்கியைச் சுமந்த முதுகு

எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் ஜீவராஜை யாரும் ஜீவராஜ் என்று கூப்பிட்டதில்லை. ஜொக்கி, அதாவது பந்தயக் குதிரை ஓட்டுகிறவர், என்றுதான் கூப்பிடுவார்கள். லிந்துலையில் இருந்து மேலே ஏறி வரும் ஓட்டோக்காரர்களுக்குக்கூட "ஜொக்கி வீட்டு லயம்" என்றால் இடம் தெரியும். ஏப்ரல் மாதம் நுவரெலியாவில் குதிரைப் பந்தயம் நடக்கும்போது அவர் வீட்டுப் பக்கமே வரமாட்டார். சீசன் முடிந்து வந்து, இஸ்தோப்புத் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, எந்த வளைவில் கடிவாளத்தை இழுத்தார், எந்த வளைவில் விட்டுக் கொடுத்தார் என்று சொல்ல ஆரம்பித்தால் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிறவர்களும் நின்று கேட்பார்கள்.

அவர் ஜொக்கி இல்லை. இது எனக்குத் தெரியும்.

நான் றோசலின், அடுத்த காம்பராவில் இருக்கிறேன். தையல் மெசின் மிதித்துப் பிழைக்கிறவள். ஒருமுறை நூலும் லைனிங் துணியும் வாங்க நுவரெலியாவுக்குப் போனபோது ஏரிக்கரையில் அவரைப் பார்த்தேன். கொழும்பில் இருந்து சுற்றுலா வந்த ஒரு பிள்ளையைக் குதிரை மேல் உட்கார வைத்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு சேற்றில் கூடவே ஓடிக்கொண்டிருந்தார். பந்தயக் குதிரைகளுக்குப் புல் போடுவது, தேய்த்துக் குளிப்பாட்டுவது, மற்ற நாட்களில் ஏரிக்கரையில் கயிறு பிடிப்பது, இதுதான் அவர் வேலை. நல்ல வேலைதான், அதில் என்ன குறை? ஆனால் மனிதருக்கு அது போதவில்லை. ஆள் ஒல்லியாகவும் கட்டையாகவும் இருந்ததால் சனமும் நம்பிவிட்டது. அடுத்த வீட்டுப் பெருமையை உடைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது என்று நானும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன்.

எங்கள் தோட்டத்து மேற்பிரிவில் வைகாசி மாதம் மாரியம்மன் திருவிழா. தேருக்கு முன்னால் மதுரை வீரன் வேடம் போட்ட ஒருவர் மரக்குதிரையில் வருவார். நாலு பேர் அதைத் தோளில் தூக்கி வருவார்கள். முந்தின வருடம் கீழ்ப்பிரிவுக்காரர்கள் தங்கள் திருவிழாவுக்கு யானையைக் கொண்டுவந்துவிட்டார்கள். எங்கள் கோயில் கமிட்டித் தலைவர் நல்லமுத்துவுக்கு அது பொறுக்கவில்லை.

"நம்மகிட்ட ஜொக்கி இருக்காரு. இந்த வருசம் நெசக் குதிரையே வரட்டும்" என்று கமிட்டியில் முடிவு கட்டிவிட்டார். எனக்கு ஏறத் தெரியாதுங்க என்று ஜீவராஜ் அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு வாய் வார்த்தையோடு முடிந்திருக்கும். அவர் சொல்லவில்லை. குதிரைக்கார முதலாளி மாத்தையாவிடம் கெஞ்சி, வயதான வெள்ளைக் குதிரை ஒன்றை லொறியில் ஏற்றிக் கொண்டுவந்தார்.

நான் வேதக்காரி, சேர்ச்சுக்குப் போகிறவள். ஆனாலும் தேர் பார்க்கப் போவேன், குடையோடு ஓரமாக நிற்பேன். அன்றைக்கும் நின்றேன். தலைப்பாகையும் ஒட்டுமீசையும் அட்டை வாளுமாக ஜீவராஜ் குதிரை மேல் இருந்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அவர் மனைவி பிரியந்தி புதுச் சேலையில் நின்றாள். பக்கத்தில் மாமியார் மீனம்மா. மருமகனை நேரே பார்க்கவும் மாட்டார், நேரே பேசவும் மாட்டார். "அவங்கள சாப்பிடச் சொல்லு" என்று மகளிடம் சொல்லித்தான் பழக்கம். அன்றைக்கு அவரும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, குதிரை மேல் இருந்த மருமகனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கோயிலில் உறுமி மேளம் அடிப்பவர் செல்லசாமி அண்ணன். தோட்டத்தில் கொழுந்து மூட்டை தூக்கி உரம் ஏறிய உடம்பு. இப்போது லயத்துக்குக் கீழே ஒரு துண்டு நிலத்தில் கரட்டும் லீக்ஸும் போடுகிறார். உறுமியை அவர் கம்பால் தேய்த்தால் ஏதோ மிருகம் அடித்தொண்டையில் உறுமுவது போலவே இருக்கும். அன்றைக்கு அடிப்பதற்கு முன்னால் குதிரைக்குக் கிட்டே போய் ஜீவராஜிடம் ஏதோ கேட்டார். ஜீவராஜ் வாளை ஆட்டி ஏதோ பதில் சொன்னார். சனம் போட்ட சத்தத்தில் அது வேறு யார் காதிலும் விழவில்லை.

உறுமி முழங்கியது. குதிரை முன்னங்கால்களைத் தூக்கியது. ஜீவராஜ் கடிவாளத்தை விட்டுவிட்டு அதன் கழுத்தைக் கட்டிக்கொள்ளப் பார்த்தார். ஏறத் தெரிந்தவன் எவனும் அப்படிச் செய்யமாட்டான். சறுக்கிப் பாதையோரத் தண்ணீர்க் கான் கட்டின் மேல் விழுந்தார். குதிரை அவர் காலை மிதித்துக்கொண்டு தேயிலைக்குள் ஓடிவிட்டது. எலும்பு முறிந்த சத்தம் கேட்டது என்று பலர் இன்றைக்கும் கதை சொல்கிறார்கள். எனக்கு அவர் அலறியதுதான் கேட்டது.

வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்து, ஒன்று தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. விலா எலும்பிலும் வெடிப்பு. நுவரெலியா ஆஸ்பத்திரியில் இருந்து கண்டிக்கு அனுப்பி, அங்கே காலைத் திறந்து கம்பி வைத்தார்கள். தேர் பாதி வழியில் திரும்பிவிட்டது. அப்படி ஒரு காலமும் நடந்ததில்லை. யார் குற்றம் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு.

"நான் தம்பிகிட்ட கேட்டேன். குதிரைக்குப் பழக்கமில்லாத சத்தம், சும்மா கையால மட்டும் தட்டிக்கிட்டு வரவான்னு கேட்டேன். 'அடிங்கண்ணே, குதிரை என் பேச்சத் தாண்டாது'ன்னு சொன்னாரு" என்றார் செல்லசாமி அண்ணன்.

நல்லமுத்து கண்டிக்குப் போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று விசாரித்தார்.

"நான் அப்பிடி ஒண்ணும் சொல்லலையே" என்றார் ஜீவராஜ்.

அதோடு தீர்ந்தது. படுக்கையில் கிடக்கிறவன் பேச்சை யாராவது தட்டுவார்களா? செல்லசாமி இனிக் கோயிலில் உறுமியைத் தொடக்கூடாது என்று கமிட்டி சொல்லிவிட்டது. அவர் சண்டை பிடிக்கவில்லை. உறுமியை ஒரு சாக்கில் சுற்றிச் சுவரில் மாட்டிவிட்டு, கரட் பாத்திக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார்.

ஜீவராஜை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் உண்மையான பாடு தொடங்கியது. எங்கள் இரண்டு காம்பராவுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. அந்தப் பக்கம் தீக்குச்சி கிழித்தால் இந்தப் பக்கம் கேட்கும். மழை நாளில் கம்பி வைத்த எலும்பு குளிரில் குடையும்போது அவர் போர்வையைக் கடித்துக்கொண்டு முனகுவது எனக்குக் கேட்கும். இருமல் வந்தால் விலா வலி. சிரிக்க முடியாது, புரள முடியாது. அதையெல்லாம் அவர் தாங்கிக்கொண்டார். அவரால் தாங்க முடியாமல் போனது வேறு ஒன்று.

எங்கள் லயத்துக்குக் கக்கூஸ் கீழே இருக்கிறது. இஸ்தோப்பில் இருந்து இறங்கி, தண்ணீர் பிடிக்கும் பீலியைத் தாண்டி, பாசி பிடித்த கல்படிகளில் போக வேண்டும். பிரியந்தி விடிந்ததும் கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விடுவாள். பிறகு வீட்டில் இருப்பது மீனம்மா மட்டும். முகம் பார்த்துப் பேசாத மருமகனுக்கு மாமியார் சட்டி வைத்து எடுப்பதா? ஒருநாள் அந்த அம்மா அதற்கும் துணிந்து சட்டியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார். ஜீவராஜும் அழுதார். அதற்குப் பிறகு அவர் காலையில் இருந்து பிரியந்தி வரும்வரை தண்ணீரும் குடிக்கமாட்டேன் என்று கிடந்தார். உதடு வெடித்துக் காய்ச்சலும் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் கக்கத்தில் வைக்கக் கட்டைகள் கொடுத்திருந்தார்கள். ஒருநாள் அவற்றை ஊன்றி அந்தப் படியில் இறங்கப் பார்த்தார். இரண்டாவது படியிலேயே சறுக்கி உட்கார்ந்து, லயமே கூடும்படி கத்தினார். தூக்கிவிட ஓடி வந்தவர்களில் செல்லசாமி அண்ணனும் ஒருவர்.

மறுநாள் காலையில், பிரியந்தி மலைக்குப் போன பிறகு, அவர் காலில் மண்ணோடு வந்து வாசலில் நின்றார். உள்ளே போனார். கட்டிலுக்கு முதுகைக் காட்டிக் குந்தினார்.

"ஏறுங்க தம்பி."

நான் மெசினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"வேணாம்ணே" என்றார் ஜீவராஜ்.

"என் சத்தத்துலதானே விழுந்தீங்க. ஏறுங்க. வெக்கப்பட்டா வவுறு கேக்குமா?"

ஏறினார். முறிந்த காலை முன்னால் நீட்டிக்கொண்டு, செல்லசாமி அண்ணனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு போனதை நான் சன்னல் வழியாகப் பார்த்தேன். தன் பொய்யால் உறுமியை இழந்த மனிதரின் முதுகு மேல் உட்கார்ந்து போகிறவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பார்த்த எனக்கே கூச்சமாக இருந்தது.

அன்றில் இருந்து தினமும் அது நடந்தது. செல்லசாமி அண்ணன் அதைப் பெரிய காரியமாகக் காட்டிக்கொள்ளவில்லை. போகிற வழியில் கரட் விலை பேசுவார், மழையைத் திட்டுவார். திரும்பக் கொண்டுவந்து கட்டிலில் விட்டுவிட்டு, கிளினிக்கில் சொன்னபடி காலை மடக்கி நீட்டச் சொல்லி நிற்பார். "இன்னுங்கொஞ்சம்... இன்னுங்கொஞ்சம்" என்பார். ஜீவராஜ் வலியில் கெட்ட வார்த்தையாகத் திட்டுவார். "திட்டுங்க, ஆனா மடக்குங்க" என்பார் அவர்.

சிலசமயம் அவர் போன பிறகு ஜீவராஜ் தனியாகப் பேசிக்கொள்வது கேட்கும். "சொல்லிறணும். நாளைக்குச் சொல்லிறணும்" என்பார். நாளைக்கும் ஏறிக்கொள்வார், இறங்கிக்கொள்வார், சொல்லமாட்டார். செல்லசாமி உறுமியைத் தொடலாம் என்றால் தான் அடிக்கச் சொன்னதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஏன் அடிக்கச் சொன்னாய், உன் குதிரையை ஏன் அடக்கத் தெரியவில்லை என்று அடுத்த கேள்வி வரும். அங்கேதான் ஜொக்கி பின்வாங்கினார்.

தீபாவளிக்குக் காலில் சுற்றியிருந்த கட்டை முழுசாக அவிழ்த்தார்கள். கால் சுள்ளி போல மெலிந்திருந்தது. பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில், ஒரு மத்தியானம், அந்தப் பக்கம் எனக்குப் புதிதாக ஒரு சத்தம் கேட்டது. டொக். பிறகு கால் தேயும் சத்தம். மறுபடியும் டொக். கம்பூன்றி ஒருவர் சுவரோரமாக நடக்கும் சத்தம். எனக்குச் சந்தோசம் பொங்கிவிட்டது. நாளைக்குச் செல்லசாமி அண்ணன் வந்ததும் காட்டுவார், அவர் முகம் எப்படி மலரும் என்று நினைத்துக்கொண்டேன்.

காட்டவில்லை. மறுநாள் காலையில் அண்ணன் குந்தினார், ஜொக்கி ஏறிக்கொண்டார். மீனம்மா பீலிக்குத் தண்ணீருக்கோ விறகுக்கோ போன நேரமாகப் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு நடை பழகினார். மாசி போனது, பங்குனி போனது. நடை தெளிந்துகொண்டே வந்தது. ஆனாலும் விடிந்தால் அந்த முதுகுதான். எழுந்து நடந்தால் கமிட்டி கூப்பிடும், கேள்வி கேட்கும். படுத்துக் கிடந்தால் பாவம் என்று விட்டுவிடும். இந்தக் கணக்கு எனக்குப் புரிந்தபோது மெசின் ஊசி என் விரலில் ஏறாதது ஆச்சரியம். அவ்வளவு ஆத்திரம்.

சித்திரையில் ஒருநாள் செல்லசாமி அண்ணன் அவரைத் தூக்கி வந்து கட்டிலில் விடும் நேரத்துக்கு நல்லமுத்து வந்து சேர்ந்தார்.

"திருவிழாவுக்கு ஹட்டன்ல இருந்து மேளக்காரங்கள எடுக்கலாம்னு இருக்கோம். செல்லசாமி இன்னும் அந்தப் பேச்சையேதான் சொல்றாரு, நீங்க அடிக்கச் சொன்னீங்கன்னு. முடிவு பண்றதுக்கு முன்னாடி கடைசியா ஒருதரம் ஒங்ககிட்ட கேட்டுட்டுப் போவோம்னு வந்தேன். அவரும் இங்கதான் நிக்கிறாரு."

செல்லசாமி அண்ணன் வாசலில் நின்று துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜீவராஜின் வேர்வையும் அதில் இருந்திருக்கும்.

"காலு ரொம்ப வலிக்குதுங்க. பொறகு பேசுவோம்" என்றார் ஜீவராஜ். போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்ட சத்தம் கேட்டது.

அவர்கள் இருவரும் போனதும் நான் சுவரைக் கத்தரிக்கோலால் தட்டினேன்.

"ஜொக்கி, எல்லாம் கேட்டுச்சு. மத்தியானத்துல நீங்க நடக்குறதும் கேக்குது."

அந்தப் பக்கம் கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மலையில் வேலை இல்லாததால் பீலியில் பொம்பிளைகள் கூட்டம். பிரியந்தி துணி துவைத்துக்கொண்டிருந்தாள், மீனம்மா குடத்தோடு நின்றார், நானும் வாளியோடு வரிசையில் இருந்தேன். இரவெல்லாம் பெய்த மழையில் படி வழுவழுவென்று கிடந்தது. பிரியந்தி வீட்டில் இருக்கும் நாளிலும் செல்லசாமி அண்ணன் வருவதை விட்டதில்லை. ஜீவராஜைச் சுமந்துகொண்டு இறங்கினார். பீலிக்குக் கிட்டே வரும்போது அவர் கால் வழுக்கியது.

விழும்போதும் அந்த மனிதர் உடம்பைத் திருப்பி, ஜீவராஜின் கெட்ட கால் கல்லில் படாமல் தன் முழங்காலைக் கொடுத்தார். நாங்கள் எல்லோரும் ஐயோ என்று ஓடினோம். எங்களுக்கு முன்னால் ஜீவராஜ் எழுந்துவிட்டார். இரண்டு காலையும் ஊன்றி நேராக எழுந்து, இரண்டு எட்டு வைத்து, சேற்றில் உட்கார்ந்திருந்த செல்லசாமி அண்ணனுக்கு முன்னால் போய் நின்றார். நின்ற பிறகுதான் தான் நிற்பது அவருக்கே தெரிந்தது.

பீலித் தண்ணீர் யாரோ வைத்த குடத்தில் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. செல்லசாமி அண்ணன் அந்தக் காலைப் பார்த்தார். பிறகு ஜீவராஜின் முகத்தை அண்ணாந்து பார்த்தார்.

"நடக்க வந்திருச்சா தம்பி? நல்லது" என்றார். குத்திக் காட்டிச் சொல்லவில்லை. மனதாரச் சொன்னார். அதுதான் ஜீவராஜின் தலையைக் குனிய வைத்தது. யாராவது திட்டியிருந்தால்கூட அவர் நிமிர்ந்து நின்றிருப்பார் என்று நினைக்கிறேன்.

அப்போது மீனம்மா பேசினார். கல்யாணம் முடிந்து இத்தனை வருடத்தில் மருமகன் முகத்தைப் பார்த்து அந்த அம்மா பேசிய முதல் பேச்சு அது.

"பாத்துக்கிட்டே நிக்கிறீங்களே. கையக் குடுத்துத் தூக்குங்க."

ஜீவராஜ் கையைக் கொடுத்துத் தூக்கினார். கையை விடாமலே, "அண்ணே, அன்னைக்கு நான்தான் ஒங்கள..." என்று ஆரம்பித்தார்.

"அது எனக்குத் தெரியாதா தம்பி?" செல்லசாமி அண்ணன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். "எங்கிட்டச் சொல்லி என்னா செய்ய. கோயில்ல சொல்லுங்க."

பீலியில் முழங்காலைக் கழுவினார். ரத்தம் வந்த இடத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, நொண்டிக்கொண்டே கீழே போனார். மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. ஜீவராஜ் கம்பூன்றித் தானாகவே அந்தப் படியில் இறங்கி ஏறினார். வழியில் யாராவது வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

ஒரு பொழுது சாயும் நேரம், பிரியந்தி சோறு போடும்போது, அவர் அவளிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"பிரியந்தி, நான் ஜொக்கி இல்ல. ஒருநாளும் ரேஸ்ல ஏறினதில்ல."

கரண்டிச் சத்தம் நின்றது. அவள் பந்தயத்துக்கென்று தலைமாட்டில் சாமிப் படம் வைத்து வருடா வருடம் விரதம் இருந்தவள்.

"அப்ப நான் யாருக்கு விரதம் இருந்தேன்?" என்றாள். கரண்டி மறுபடி சட்டியில் பட்டது. "சாப்பிடுங்க, ஆறுது" என்றாள். அழுத குரலாகத்தான் இருந்தது.

திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் அன்று கோயில் முன்னால் தோட்டமே கூடியிருந்தது. ஹட்டன் மேளக்காரர்களோடு பேச ஆள் அனுப்பலாம் என்று நல்லமுத்து சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது ஜீவராஜ் கம்பை ஊன்றிக்கொண்டு கோயில் படியில் ஏறி வந்தார். பிரியந்தி பிடிக்கப் போனாள், வேண்டாம் என்றார். நாலு படிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கினார். அவருக்குப் பின்னால் செல்லசாமி அண்ணன் வந்தார், தோளில் உறுமியோடு. ஜீவராஜ் அண்ணன் வீட்டு வாசலில் நின்று, உறுமியை எடுத்துக்கொண்டு வரும்படி கூப்பிட்டிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

நல்லமுத்து ஒரு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார். ஜீவராஜ் உட்காரவில்லை.

"எனக்குக் குதிரை ஏறத் தெரியாது" என்றார். "நான் ஜொக்கி இல்ல. ஏரிக்கரையில வெளியூர்ப் புள்ளைங்கள ஏத்திக்கிட்டுக் கயிறு புடிக்கிறவன். அன்னைக்குத்தான் மொத மொதல்ல ஏறினேன். செல்லசாமி அண்ணன் கேட்டாரு, அடிக்கவா வேணாமான்னு. வேணாம்னா எனக்குப் பயம்னு தெரிஞ்சிருமேன்னு அடிக்கச் சொன்னேன். பொறகு சொல்லவே இல்லைன்னேன்."

முதலில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு பின்வரிசையில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். இன்னொருவன் குதிரை போலக் கனைத்துக் காட்டினான். அவ்வளவுதான், கூட்டம் முழுக்கச் சிரிப்பு. வளைவில் கடிவாளம் இழுத்த கதையை வாய் பிளந்து கேட்டவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். பிரியந்தி தலையைக் குனிந்துகொண்டாள். மீனம்மா குனியவில்லை, மருமகனையே பார்த்துக்கொண்டு நின்றார். ஜீவராஜின் முகம் கறுத்துப் போயிருந்தது. ஓடித் தப்பக் கால் இல்லை. கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்தச் சிரிப்பு முழுவதையும் நின்று வாங்கிக்கொண்டார்.

பிறகு செல்லசாமி அண்ணன் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கும் நான்தான் சொன்னேன். இன்னைக்கும் நான்தான் சொல்றேன். அடிங்கண்ணே."

செல்லசாமி அண்ணன் நல்லமுத்துவைப் பார்க்கவில்லை, கமிட்டியைப் பார்க்கவில்லை. வளைந்த கம்பைத் தோலில் வைத்துத் தேய்த்தார். உறுமி அடித்தொண்டையில் எழும்பியது. முதல் சத்தத்துக்கு ஜீவராஜின் உடம்பு தூக்கிப் போட்டது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். கெட்ட கால் வேட்டிக்குள் நடுங்கியது எனக்குத் தெரிந்தது. உறுமி ஏற ஏறச் சிரிப்புச் சத்தம் அதற்குள் அமுங்கிப்போனது. யாரும் அவரைப் பிடிக்கவில்லை. அவர் விழவும் இல்லை.